லைனும் லஞ்சும்: டிஸ்னி பார்க்கின் எழுபது வருட வரிசைக் கணக்கு

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் ஒரு தீம் பார்க் பற்றி. ஆனால் ரைடு பற்றிக் கிடையாது. ரைடுக்கு வெளியே நிற்கிற வரிசை, அப்புறம் மதியச் சாப்பாட்டுக்கு யாருக்கு மேசை கிடைக்கிறது, இந்த ரெண்டும்தான் விஷயம். இதில் என்ன வரலாறு இருக்குன்னு கேட்டீங்கன்னா, நிறைய இருக்கு. நம்மில் பலர் ஆபீஸில் தினமும் கட்டிக்கொண்டு அழுகிற ஒரு பிரச்சினையை ஒரு கம்பெனி 1955லிருந்து மனுஷங்களை வைத்தே தீர்க்கப் பார்த்த கதை இது.

ஒரு உதாரணத்தோடு ஆரம்பிக்கிறேன். 2015ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இருக்கிற வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு ஒரு குடும்பம் கிளம்புகிறது. டிஸ்னியின் சொந்த ஹோட்டலில்தான் ரூம். இவர்கள் எங்கே சாப்பிடப் போகிறார்கள் என்பதை 180 நாளுக்கு முன்னாடியே புக் பண்ணலாம். எந்த ரைடில் எத்தனை மணிக்கு ஏறப் போகிறார்கள் என்பதை 60 நாளுக்கு முன்னாடி புக் பண்ணலாம். அதாவது ஆறு மாசம் கழித்து வரப்போகிற ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் உங்க நாலு வயசுக் குழந்தைக்கு எத்தனை மணிக்குப் பசிக்கும்னு இன்னைக்கே தெரிஞ்சிருக்கணும். நிஜமாகவே ஸ்ப்ரெட்ஷீட் போட்டுத்தான் மக்கள் டூர் போனார்கள். நமக்கு இது புதுசில்லை, காலை பத்து மணி தட்கல் பார்த்த ஆட்கள் நாம். ஆனால் ஒரு விடுமுறையையே தட்கல் மாதிரி ஆக்குவதற்கு டிஸ்னிக்கு அறுபது வருஷம் ஆச்சு. அந்த அறுபது வருஷத்தைத்தான் பார்க்கப் போகிறோம்.

1955 ஜூலை 17. கலிஃபோர்னியாவின் அனாஹைமில் டிஸ்னிலேண்ட் திறக்கிறது. அன்றைக்கு அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஆனால் கள்ள டிக்கெட் அடித்துப் புகுந்தவர்களையும் சேர்த்து சுமார் 28,000 பேர் வந்து நின்றார்கள். வெயிலில் புதுத் தார் இளகியது. பிளம்பர்கள் வேலைநிறுத்தம் நடந்து முடிந்திருந்த சமயம் என்பதால், கழிப்பறைகளை முடிப்பதா, குடிநீர்க் குழாய்களை முடிப்பதா என்று வந்தபோது வால்ட் டிஸ்னி கழிப்பறைகளைத் தேர்ந்தெடுத்தார். தண்ணீர் கிடைக்காத கூட்டம், குளிர்பானம் விற்கத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று திட்டியது. கெபாசிட்டி பிளானிங் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல டெமோ கிடையாது.

ஆரம்பத்தில் உள்ளே நுழைய ஒரு காசு, ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் காசு. அதே அக்டோபரில் டிக்கெட் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று வகை பிரித்த கூப்பன்கள். அடுத்த வருஷம் டி சேர்ந்தது. 1959ல் மேட்டர்ஹார்ன், நீர்மூழ்கி, மோனோரயில் எல்லாம் வந்தபோது இ சேர்ந்தது. ஏ கூப்பனுக்கு மெயின் ஸ்ட்ரீட்டில் ஓடுகிற குதிரை வண்டி மாதிரி சின்ன விஷயங்கள். இ கூப்பனுக்குத்தான் பெரிய ரைடு. அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'இ டிக்கெட்' என்றால் உச்சக்கட்ட அனுபவம் என்றே அர்த்தம் ஆகிவிட்டது. 1983ல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடு, ராக்கெட் பயணத்தை வர்ணிக்க அந்த வார்த்தையைத்தான் எடுத்தார்.

இந்தக் கூப்பன் புத்தகத்தை வெறும் டிக்கெட் என்று நினைக்காதீங்க. அது ஒரு லோடு பேலன்சர். உங்க கையில் இ கூப்பன் கொஞ்சம்தான் இருக்கு. எனவே மேட்டர்ஹார்னில் அஞ்சு தடவை ஏற மாட்டீங்க. ஆனால் ஏ கூப்பன் வீணாகப் போகக் கூடாதே என்று குதிரை வண்டியில் ஏறுவீங்க. யாரும் யாரையும் அதட்டாமல் கூட்டம் தானாகவே பார்க் முழுக்கப் பரவிவிடும். எனக்கு இந்த டிசைன் ரொம்பப் பிடிக்கும். சர்வர் கிடையாது, ஆப் கிடையாது, காகிதத்திலேயே ரேட் லிமிட்டர்.

1982ல் அது போச்சு. உள்ளே நுழைய ஒரே விலை, எத்தனை ரைடு வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். மற்ற பார்க்குகள் ஏற்கெனவே அந்த வழிக்கு வந்திருந்தன, ஃப்ளோரிடாவில் எப்காட்டும் திறக்கப் போகிற வருஷம். மக்களுக்கு சந்தோஷம்தான். ஆனால் யோசிச்சுப் பாருங்க. அடுத்த ரைடுக்கான விலை பூஜ்யம் என்று ஆகிவிட்டால் எல்லோரும் எங்கே போவார்கள்? பெரிய ரைடுக்குத்தான். காசு வேலை செய்த இடத்தில் இனி நேரம்தான் விலை. அங்கேதான் இன்றைக்கு நாம் பேசுகிற பிரச்சினை பிறந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு கதையும் ஓடுகிறது. ஒரு ரைடால் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்க முடியும் என்ற கதை. 1964-65ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு டிஸ்னி நாலு காட்சிகள் செய்து கொடுத்தது. நிற்காமல் மிதந்து வருகிற படகுகள், நகரும் இருக்கைகள் எல்லாம் அங்கே சோதிக்கப்பட்டன. அதன் பலன் டிஸ்னிலேண்டில் தெரிந்தது. நடந்துபோய்ப் பார்க்கிற பொம்மைக் காட்சியாக யோசித்திருந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' 1967ல் படகுச் சவாரியாகத் திறந்தது. 1969ல் வந்த 'ஹான்டட் மேன்ஷன்' நிற்காமலே சுற்றுகிற நாற்காலிச் சங்கிலி. மணிக்கு 2,000 பேருக்கு மேல் போய்க்கொண்டே இருப்பார்கள். இதற்கு நேர் எதிர் டம்போ, அந்தப் பறக்கும் யானை. 16 யானை, ஒரு யானைக்கு ரெண்டு பேர், ஒரு சுற்றுக்கு 32 பேர். ஏற்றி, பெல்ட் மாட்டி, சுற்றி, இறக்க மூணு நிமிஷம் என்று வைத்தாலும் மணிக்கு 640தான். அதுவும் எல்லா யானையிலும் ரெண்டு பேர் உட்கார்ந்தால்.

சரி, இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, ஒரே ஒரு பெருக்கல்தான். 1961ல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்த விதி ஒன்று இருக்கு. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவங்க பரீட்சைக்கு முந்தின நாள் பார்த்திருப்பீங்க. ஒரு இடத்துக்குள் சராசரியாக எத்தனை பேர் இருக்காங்களோ, அது, ஆட்கள் வந்து போகிற வேகத்தையும் ஒவ்வொருவரும் உள்ளே கழிக்கிற நேரத்தையும் பெருக்கினால் வருகிற எண். அவ்வளவுதான்.

ஒரு கற்பனைப் பார்க்கை எடுப்போம். நண்பகலில் உள்ளே 40,000 பேர். 10,000 பேர் சாப்பிடுகிறார்கள், கடையில் நிற்கிறார்கள், சும்மா நடக்கிறார்கள். மீதி 30,000 பேர் ரைடு வரிசையில். எல்லா ரைடும் சேர்ந்து மணிக்கு 30,000 சவாரி தருகின்றன. அப்போ ஒரு சவாரிக்குச் சராசரியாக ஒரு மணி நேரம். இதைக் குறைக்க ரெண்டே வழிதான். ஒன்று, மணிக்கு 30,000 என்பதை ஏற்றணும், அதாவது புது ரைடு கட்டணும், கோடிக்கணக்கில் செலவு. இன்னொன்று, வரிசையில் நிற்கிற 30,000 பேரில் கொஞ்சம் பேரை வேறு எங்கேயாவது உட்கார வைக்கணும். 6,000 பேரைச் சாப்பாட்டு மேசைக்கு அனுப்பினால் வரிசையில் 24,000. காத்திருப்பு 48 நிமிஷம். ரைடில் ஒரு நட்டுகூட மாற்றவில்லை, பன்னிரண்டு நிமிஷம் குறைந்துவிட்டது.

லைனுக்கும் லஞ்சுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டீங்களே, இதுதான். உட்கார்ந்து சாப்பிடுகிற ரெஸ்டாரன்ட் என்பது தீம் பார்க்கின் கண்ணுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆளை நிறுத்தி வைக்கிற இடம். அதுவும் அவரே காசு கொடுத்து, மகிழ்ச்சியாக நிற்கிற இடம். வரிசையில் நிற்பவர் பர்ஸைத் திறப்பதில்லை. மேசையில் உட்கார்ந்தவர் திறக்கிறார்.

டிஸ்னிக்கு இது ரொம்ப முன்னாடியே தெரியும். 1982ல் எப்காட் திறந்தபோதே அங்கே 'வேர்ல்டுகீ' என்று தொடுதிரைகள் வைத்தார்கள், பெல் சிஸ்டத்தோடு சேர்ந்து செய்தது. திரையைத் தொட்டால் ஒரு பணியாளர் வீடியோவில் வருவார், அவரிடம் பேசி ரெஸ்டாரன்டில் மேசை போட்டுக்கொள்ளலாம். 1982ங்க. வீடியோ கால், டச் ஸ்கிரீன், டேபிள் புக்கிங், மூணும் ஒரே பெட்டியில். ஆக, சாப்பாட்டுக்கு முன்பதிவு என்பது முதலிலேயே வந்துவிட்டது. ரைடுக்கு முன்பதிவு வர இன்னும் 17 வருஷம்.

1999ல் வந்தது ஃபாஸ்ட்பாஸ். இதன் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் ப்ரூஸ் லாவல். 1971ல் டிஸ்னி வேர்ல்டில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியராகச் சேர்ந்தவர். ஐடியா எளிமையானது. ரைடு வாசலில் ஒரு மெஷின். உங்க நுழைவுச் சீட்டைச் செருகினால் ஒரு காகிதம் வரும்: மதியம் 2:10லிருந்து 3:10க்குள் வாங்க, தனி வரிசையில் சீக்கிரம் ஏறிக்கலாம். அதுவரை உங்க இடத்தில் ஒரு காகிதம் நிற்கும், நீங்க போய்ச் சாப்பிடுங்க, கடையைப் பாருங்க. காசு கிடையாது. எல்லோருக்கும் ஒரே விதி.

நான் இதில் ரொம்ப நேரம் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். முதல் பார்வையில் யாருக்கும் நஷ்டமே இல்லாத திட்டம் மாதிரி இருக்கு. வரிசையில் நிற்க வேண்டியவர் கடைக்குப் போகிறார். அவருக்கு லாபம், கடைக்கும் லாபம். ஆனால் நிஜ மனுஷன் என்ன செய்தான்? காகிதத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நேராகப் பக்கத்து ரைடு வரிசையில் போய் நின்றான். ஒரு ஆள், ரெண்டு வரிசை. ஒன்றில் காகிதம் நிற்கிறது, இன்னொன்றில் அவர் நிற்கிறார்.

நம்ம கணக்குக்குத் திரும்பி வாங்க. 30,000 பேர், மணிக்கு 30,000 சவாரி. ஆளுக்கு மணிக்கு ஒரு சவாரி. ஃபாஸ்ட்பாஸ் புதுசாக ஒரு இருக்கையைக்கூடச் சேர்க்கவில்லை. எனவே சராசரியாக ஆளுக்கு அதே ஒரு சவாரிதான். ஒருவருக்கு ரெண்டு கிடைத்தால், எங்கேயோ ஒருவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. யார் அந்த ஒருவர்? மெஷினைப் பற்றித் தெரியாதவர். முதல் தடவை வந்தவர். மொழி புரியாதவர். பத்து வருஷமாகக் காசு சேர்த்து ஒரே ஒரு முறை வந்த குடும்பம்.

பக்கத்து வரிசை, அதாவது காகிதம் இல்லாதவர்கள் நிற்கிற சாதாரண வரிசை, எப்படி மெதுவாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரைடு மணிக்கு 2,000 பேரை ஏற்றும். அதில் 1,600 இடம் ஃபாஸ்ட்பாஸுக்கு என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வரிசைக்கு மிச்சம் 400. உங்களுக்கு முன்னாடி 400 பேர்தான் இருக்காங்க, பார்த்தால் சின்ன லைன். முன்பென்றால் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். இப்போ ஒரு மணி நேரம். ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் 'ஸ்டார்வேஷன்' என்று படித்தோமே, பிரையாரிட்டி குறைந்த ப்ராசஸ் சிபியுவே கிடைக்காமல் காத்துக்கிடப்பது, அதேதான். வித்தியாசம், இங்கே அந்த ப்ராசஸ் கையில் அழுகிற குழந்தை இருக்கு.

இன்னொன்று. வரிசை என்பது காத்திருப்பு மட்டும் இல்லை, அது ஒரு கிடங்கும்கூட. வளைந்து வளைந்து போகிற அந்தக் கம்பி வேலிக்குள் ஆயிரம் பேரை நிழலில் நிறுத்தலாம். அவர்களை வெளியே விட்டால் நடைபாதைக்குத்தான் வருவார்கள். கட்டும்போது அந்த நடைபாதையை இவ்வளவு பேருக்குக் கட்டவில்லை. கூட்டம் மறையவில்லை, இடம்தான் மாறியது.

இதை யூடியூபில் 'டிஃபங்க்ட்லேண்ட்' சேனல் நடத்துகிற கெவின் பெர்ஜுரர் 2021ல் ஒரு நீண்ட ஆவணப்படமாகவே எடுத்தார். ஒரு பார்க்கையே சிமுலேஷனாக எழுத வைத்து, ஃபாஸ்ட்பாஸ் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று ஓட்டிக் காட்டியிருப்பார். வார இறுதியில் பார்க்கலாம், அந்த சிமுலேஷன் பகுதிக்காகவே பாருங்க.

கூட்டத்தைக் கையாளுவதில் டிஸ்னி கெட்டிக்காரர்கள் இல்லை என்று சொல்லவில்லை. மேஜிக் கிங்டமில் அந்த சின்ட்ரெல்லா கோட்டை இருக்கில்லையா, அதற்குக் கீழே ஒரு கட்டுப்பாட்டு அறை. 2010 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதைப் பற்றி எழுதியது. சுவர் முழுக்கத் திரைகள், எந்த ரைடில் எவ்வளவு லைன் என்று பச்சை, மஞ்சள், சிவப்பில். பைரேட்ஸ் வரிசை நீண்டால் கூடுதல் படகு இறக்கச் சொல்வார்கள். முடியாவிட்டால் கூஃபி வேஷம் போட்ட ஆளையோ கேப்டன் ஜாக் ஸ்பாரோவையோ வரிசைக்கு அனுப்புவார்கள். சாப்பாட்டுக் கடையில் கூட்டம் கூடினால் புதிதாக பில் கவுண்டர் திறப்பார்கள், அல்லது ஆள் போட்டு வரிசையிலேயே மெனுவைக் கொடுப்பார்கள், கவுண்டருக்கு வந்து நின்று யோசிக்கிற நேரம் மிச்சம். ஒரு இடத்தில் நெரிசல், பக்கத்தில் காலி என்றால், சின்ன ஊர்வலம் ஒன்றை அந்தக் காலி பக்கமாகத் திருப்பி விடுவார்கள், ஜனம் பின்னாலேயே போய்விடும். ரைடும் சாப்பாடும் ஊர்வலமும் ஒரே டேஷ்போர்டில். இதனாலெல்லாம் ஒருவர் ஒரு நாளில் ஏறுகிற சராசரி ரைடு ஒன்பதிலிருந்து பத்தாக உயர்ந்தது என்றார்கள். ஒன்று கூடுவதற்கு இவ்வளவு பாடு.

காத்திருப்பின் மனசு பற்றியும் ஒரு வார்த்தை. 1985ல் டேவிட் மைஸ்டர் என்பவர் காத்திருப்பின் உளவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சும்மா நிற்கிற நேரம் நீளமாகத் தெரியும், எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் இன்னும் நீளம், நியாயம் இல்லை என்று பட்டால் அதைவிட நீளம். எம்ஐடியின் ரிச்சர்ட் லார்சன் வரிசையில் இருக்கிற சமூக நீதி பற்றியே ஆராய்ச்சி செய்தவர், 'டாக்டர் க்யூ' என்றே பெயர். எனக்குப் பின்னால் வந்தவன் எனக்கு முன்னால் போனால் எனக்கு எரியும், என் நேரத்தில் ஒரு நிமிஷம்கூடக் குறையாவிட்டாலும் எரியும். திருப்பதியில் 300 ரூபாய் டிக்கெட் வரிசை விறுவிறுவென்று நகரும்போது கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றவங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

டிஸ்னி இந்த விஷயத்தில் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது 2012ல் டம்போவுக்குச் செய்தது. யானைச் சுற்றை ரெண்டாக்கினார்கள், கெபாசிட்டி இரட்டிப்பு. கூடவே ஒரு சர்க்கஸ் கூடாரம். உள்ளே குழந்தைகள் ஏறிக் குதித்து விளையாடலாம், அப்பா அம்மா உட்காரலாம், கையில் ஒரு பேஜர். உங்க முறை வந்தால் அது துடிக்கும். ரெஸ்டாரன்டில் மேசைக்குக் காத்திருக்கும்போது தருவார்களே, அதே கருவி. சாப்பாட்டுக் கடையின் தந்திரத்தை ரைடுக்குக் கொண்டுவந்தார்கள். உட்கார இடம், பிள்ளைகளுக்கு விளையாட்டு, யாரும் யாரையும் தாண்டுவதில்லை. பழைய வரிசைதான், நிற்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

ஆனால் கம்பெனி பெரிய பணத்தைப் போட்டது வேறு பக்கம். மைமேஜிக் பிளஸ் என்ற திட்டத்துக்குச் சுமார் 100 கோடி டாலர் செலவு என்று செய்திகள் சொன்னன. 2013லிருந்து கையில் மாட்டுகிற மேஜிக்பேண்ட் வந்தது, அதில் ரேடியோ சிப். ரூம் சாவி, டிக்கெட், பர்ஸ் எல்லாம் அதுவே. 2012ல் திறந்த 'பீ அவர் கெஸ்ட்' ரெஸ்டாரன்டில் அப்போ நீங்க ஆர்டர் கொடுத்துவிட்டு எந்த மேசையில் வேண்டுமானாலும் உட்கார முடிந்தது, பேண்ட் வைத்து நீங்க உட்கார்ந்த இடம் தெரிந்து சாப்பாடு தேடி வந்தது. பொறியியலாகப் பார்த்தால் அருமை. ஆனால் அதே திட்டத்தில்தான் காகித மெஷின்கள் போய் ஃபாஸ்ட்பாஸ் பிளஸ் வந்தது. மூணு ரைடு, முன்கூட்டியே. ஹோட்டல்காரர்களுக்கு 60 நாள் முன்பு, மற்றவர்களுக்கு 30 நாள் முன்பு.

ஆரம்பத்தில் சொன்ன குடும்பம் இங்கேதான் மாட்டுகிறது. 180வது நாளில் மதியம் 12:30க்கு லிபர்ட்டி ஸ்கொயர் பக்கம் மேசை போட்டாச்சு. நாலு மாசம் கழித்து ரைடுக்குப் போனால், செவன் ட்வார்ஃப்ஸ் ரயிலுக்கு 12:15 - 1:15 மட்டும் இருக்கு. ஸ்பேஸ் மவுண்டன் பார்க்கின் மறு கோடியில். மேசையை நகர்த்தினால் வேறு மேசை இல்லை. ரைடை நகர்த்தினால் ரைடு இல்லை. மேசையை முந்தைய நாளுக்குள் ரத்து செய்யாமல் போகாவிட்டால் ஆளுக்கு 10 டாலர் அபராதம் வேறு. டைம் விண்டோவோடு வருகிற ட்ராவலிங் சேல்ஸ்மேன் பிராப்ளம்னு நாம் சொல்வோம். அதை ஒரு அம்மா ராத்திரி பதினோரு மணிக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்து தீர்க்கிறார். லென் டெஸ்டா என்பவர் உண்மையிலேயே இந்த மாதிரிக் கணக்கைத் தன் முதுகலைப் படிப்பில் எடுத்து, பிறகு டூரிங்பிளான்ஸ் என்ற தளமாக வளர்த்தார். சந்தா கட்டினால் எந்த ரைடுக்குப் பிறகு எந்த ரைடு என்று போட்டுத் தரும். ஒரு பார்க்கில் விளையாடுவதற்கு ஆப்டிமைசேஷன் சாஃப்ட்வேர் விற்கிற சந்தை உருவாகிறது என்றால், பார்க்கின் டிசைனில் ஏதோ இடிக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

சாப்பாட்டுப் பக்கமும் சும்மா இல்லை. 2005ல் டைனிங் பிளான் வந்தது, பேக்கேஜோடு முன்பணம் கட்டிச் சாப்பிடுவது. ஏற்கெனவே காசு கட்டியாச்சு, எனவே எல்லோரும் பெரிய ரெஸ்டாரன்டைத்தான் தேடினார்கள். 1982ல் ரைடுகளுக்கு நடந்தது இப்போ மேசைகளுக்கு நடந்தது பாருங்க. கையில் விலை உறைக்காத இடத்தில் வரிசை கிளம்பிவிடுகிறது. இங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது, காலண்டரில் 180 நாள் நீளத்துக்கு நிற்கும்.

மற்ற மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2017ல் ஃப்ளோரிடாவில் மொபைல் ஆர்டர் வந்தது, கவுண்டர் சாப்பாட்டுக்கும் டிஜிட்டல் வரிசை. 2019 டிசம்பரில் 'ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ்' ரைடுக்கு போனில் குழு எண் எடுக்கணும், கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடினார்கள், ஜூலையில் ஃபாஸ்ட்பாஸ் இல்லாமலே திறந்தார்கள். அது திரும்பி வரவேயில்லை. 2021 அக்டோபரில் ஃப்ளோரிடாவில் ஜீனி பிளஸ் என்ற பெயரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலருக்கு வந்தது. ஒரு வருஷத்தில் தேதிக்குத் தக்க விலை ஏறி இறங்க ஆரம்பித்தது. 2024ல் பெயர் மாறி லைட்னிங் லேன் மல்டி பாஸ். மறுபடியும் முன்பதிவு, ஹோட்டல்காரர்களுக்கு 7 நாள் முன்பு, மற்றவர்களுக்கு 3 நாள் முன்பு. சாப்பாட்டு முன்பதிவு 60 நாளாகக் குறைந்திருந்தது.

2024 கடைசியில் பிரீமியர் பாஸ். இதற்குத் திட்டமே தேவையில்லை. நேரம் கிடையாது, விண்டோ கிடையாது, எப்போ வேண்டுமானாலும் வந்து ஒவ்வொரு லைட்னிங் லேனிலும் ஒரு முறை ஏறிக்கொள்ளலாம். அறிமுகத்தில் ஃப்ளோரிடாவில் பார்க்கையும் தேதியையும் பொறுத்து 129லிருந்து 449 டாலர் வரை. ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு, நுழைவுச் சீட்டுக்கு மேல். நாலு பேர் குடும்பம் என்றால் பெருக்கிக்கோங்க.

இதில் என் தரப்பைச் சொல்கிறேன், நீங்க ஒத்துக்கணும்னு இல்லை. காசு வாங்குவது எனக்குப் பிரச்சினை இல்லை. 1955லும் வாங்கினார்கள். இ கூப்பனுக்கு அதிகக் காசு கொடுத்தவரும் அதே வரிசையில்தான் நின்றார், அவருக்குக் கிடைத்தது சவாரி. பிரீமியர் பாஸுக்குக் கொடுக்கிற காசுக்குக் கிடைப்பது சவாரி இல்லை, அது எல்லோருடைய நுழைவுச் சீட்டிலும் ஏற்கெனவே இருக்கு. கிடைப்பது பக்கத்து வரிசைக்காரரின் நேரம். சாதாரண வரிசை எவ்வளவு மோசமாக இருக்கிறதோ, அவ்வளவு இந்த பாஸ் விற்கும். ஒரு கம்பெனிக்கு லைனைக் குறைக்கிற ஆர்வமும், லைன் இருப்பதால் வருகிற வருமானமும் ஒரே நேரத்தில் இருந்தால் எது ஜெயிக்கும்? கோட்டைக்கு அடியில் உட்கார்ந்து ஒன்பதைப் பத்தாக்க மெனக்கெட்ட அந்த இன்ஜினியர்களைத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன். ரெண்டு வரிசையும் சேருகிற இடத்தில் நிற்கிற பணியாளரையும். நாள் முழுக்க ஒரு பக்கம் இத்தனை பேர், மறுபக்கம் இத்தனை பேர் என்று எண்ணி விடுகிறவர் அவர்தான், முறைக்கிற கண்கள் எல்லாம் அவர் மேல்தான் விழும்.

போகிற எண்ணம் இருந்தால் ஒரே ஒரு நடைமுறை டிப்ஸ், இதுவும் அதே கணக்கிலிருந்து வருவதுதான். எல்லோரும் சாப்பிடுகிற நேரத்தில் சாப்பிடாதீங்க. பதினொன்றுக்கே சாப்பாட்டை முடித்துவிட்டு, பன்னிரண்டரைக்கு ஊரே மேசைக்கு உட்காரும்போது வரிசைக்குப் போங்க. அந்த 6,000 பேர் உங்களுக்கு வழி விட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த எபிசோடில் 1909க்குப் போகிறோம், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனிக்கு. அங்கே எர்லாங் என்று ஒரு கணித ஆள், எத்தனை லைன் போட்டால் எத்தனை பேருக்கு 'பிஸி' கேட்கும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார். இன்றைக்கு நாம் பார்த்த மொத்தக் கதைக்கும் அஸ்திவாரம் அங்கேதான்.